அத்தை நின்ற இடத்தில் ஒரு பூந்தொட்டி

மல்லசமுத்திரம்
8.9.2024

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி வெங்கடாசலம் எழுதுவது. செங்கோட்டு மலையான் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சௌகரியம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சேலத்தில் மழை உண்டா?

நீங்கள் போனை எடுப்பதில்லை. வாட்சப்பிலும் என்னைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். அதனால் இந்த வயதில் தபால் ஆபீஸ் போய்க் கவர் வாங்கி எழுதிக்கொண்டிருக்கிறேன். போர் போடும் ரிக் வண்டி ஓட்டிய காலத்தில் மத்தியப் பிரதேசத்திலிருந்து எழுதியதுதான் நான் கடைசியாக எழுதிய கடிதம். கவுண்டரில் இருந்த பெண், "ஏனுங்கய்யா, கேசு கீசு ஏதாச்சும் நடக்குதுங்களா" என்று கேட்கிறது.

புது வீட்டு வேலை முடியப்போகிறது. தை கடைசியில் புதுமனை புகுவிழா. ஹாலில் பெரிய சுவர் ஒன்று சும்மா கிடக்கிறது. அங்கே நம் பழைய தொட்டிக்கட்டு வீட்டின் படத்தைப் பெரிதாக்கி மாட்டலாம் என்று நம் பையன் இளஞ்செழியன் சொல்கிறான். இந்த இடத்தில் எப்படிப்பட்ட வீடு இருந்தது என்று வருகிறவர்கள் பார்க்கட்டுமே. பண்ணையத்துப் பழைய படங்கள் எல்லாம் உங்களிடம்தான் இருக்கின்றன. வீடு முழுசாகத் தெரிகிற மாதிரி ஒன்று அனுப்பினால் போதும். என் மச்சான், மலர்விழியின் அண்ணனுக்கு ஆத்தூரில் தெரிந்த ஸ்டுடியோ இருக்கிறதாம், பழைய படத்தைப் புதுசு போல் ஆக்கிக் கொடுப்பார்களாம்.

கோபத்தை விட்டுவிட்டுப் போனை எடுங்கள்.

தங்கள் தம்பி,
வெங்கடாசலம்


ஃபேர்லேண்ட்ஸ், சேலம்
15.9.2024

தம்பி வெங்கடாசலத்துக்கு அக்கா கலைமணியின் ஆசிகள். மலர்விழியும் இளஞ்செழியனும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. இங்கே மழை இல்லை, கொசு இருக்கிறது.

போனை எடுக்கச் சொல்கிறாய். போனில் அத்தை பேச்சை எடுத்த உடனே உனக்கு டவர் போய்விடுகிறது. "கேக்கலீங்கக்கா, கேக்கலீங்க" என்று கத்திவிட்டு வைத்துவிடுகிறாய். காகிதத்துக்கு டவர் போகாது. அதனால் இனிமேல் எழுது.

உன் கடிதத்தில் என் முழங்காலை விசாரித்திருக்கிறாய், சேலத்து மழையை விசாரித்திருக்கிறாய். என் வீட்டில் இன்னொரு ஆள் இருப்பது உனக்கு நினைவில்லையா? "ஊடு முடியற வரைக்கும் அக்காகிட்ட இருங்கத்தை, ஆறே மாசந்தான்" என்று நீயே காரில் ஏற்றி வந்து இறக்கினாய். இரண்டு வருஷம் ஆகிறது. பத்தொன்பது வயதில் புருஷனை இழந்து நம் வீட்டுக்குத் திரும்பி வந்தவள், அம்மா போன பிறகு உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டே அவ்வளவு பெரிய பண்ணையத்தையும் பார்த்தவள். உனக்குத் தெரியாததை எழுதவில்லை. மறந்திருப்பாயோ என்று எழுதுகிறேன்.

படத்துக்கு வருகிறேன். மொத்தம் மூன்றுதான் உருப்படியாக இருக்கின்றன. கிணற்றில் கரண்ட் மோட்டார் போட்ட அன்று எடுத்தது ஒன்று, அதில் மோட்டாரும் அப்பாவும்தான் தெரிகிறார்கள். களத்தில் குச்சிக்கிழங்கு காயப்போட்ட படம் இன்னொன்று, அதில் வீடு பாதிக்கு மேல் மரத்துக்குப் பின்னால் போய்விட்டது. வீடு முழுசாகத் தெரிவது மூன்றாவது மட்டும். நாட்டு ஓடு, தூண்கள், இரட்டைக் கதவு எல்லாம் அதில் இருக்கின்றன. நடுவாசலில் அத்தை வெள்ளைச் சேலையோடு நிற்கிறாள். திருச்செங்கோட்டிலிருந்து வந்த படக்காரர், "அம்மா, கொஞ்சம் அக்கட்டால போங்க, ஊட்ட எடுக்கோணும்" என்றாராம். "நா நின்னா ஊடு ஓடியா போயிருது, எடுங்க" என்று அத்தை அசையவே இல்லையாம். நேற்று இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அந்த மூன்றாவது படத்தைப் பதிவுத் தபாலில் தனியாக அனுப்புகிறேன். கசக்காமல் திருப்பி அனுப்பு. அத்தை நன்றாக இருக்கிறாள். எப்போது வந்து கூட்டிப்போகிறாய் என்று கேட்கச் சொன்னாள்.

அக்கா,
கலைமணி


மல்லசமுத்திரம்
10.10.2024

அன்புள்ள அக்காவுக்கு, வணக்கத்துடன் வெங்கடாசலம். இங்கே மூன்று நாளாக நல்ல மழை. பெயிண்ட் காயவில்லை என்று எல்லோரும் என் தலையைத் தின்கிறார்கள். நீங்கள் ஈரத்தில் கால் வைக்காமல் இருங்கள்.

படம் வந்து சேர்ந்தது. ஸ்டுடியோக்காரர் பெயர் அறிவு. கெட்டிக்காரர். அழுக்கு, கீறல், செல்லரித்தது எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். வீடு நேற்றுக் கட்டியது போல இருக்கிறது. சின்ன பிரிண்ட் ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன், பாருங்கள். உங்கள் அசல் படத்தையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். கொல்லப்பட்டியில் உங்களுக்கு வேண்டிய நெய் சொல்லியிருக்கிறேன், அடுத்த வாரம் ஆள் வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

வேலை தலைக்கு மேல் கிடப்பதால் இத்துடன் முடிக்கிறேன்.

வெங்கடாசலம்


ஃபேர்லேண்ட்ஸ், சேலம்
16.10.2024

வெங்கடாசலத்துக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. இருந்தாலும் எல்லோரும் நன்றாக இருங்கள்.

படம் பார்த்தேன். ஓடு இருக்கிறது, தூண் இருக்கிறது, கதவு இருக்கிறது. அத்தை எங்கே? அவள் நின்ற இடத்தில் ஒரு பூந்தொட்டி இருக்கிறது. உற்றுப் பார்த்தேன், குரோட்டன்ஸ் செடி. நம் பண்ணையத்தில் என்றைக்கடா குரோட்டன்ஸ் வைத்தோம்? வைத்திருந்தால் ஆடு தின்றிருக்கும்.

உன் கெட்டிக்கார அறிவு செல்லரித்ததை எடுத்தார், கீறலை எடுத்தார், சரி. அவர் கண்ணுக்கு அத்தையும் அழுக்காகத் தெரிந்தாளா? அல்லது எடுக்கச் சொல்லி யாராவது சொன்னீர்களா? நெய் அனுப்புகிறேன் என்று எழுதியிருக்கிறாய். நெய்யை நீயே வைத்துக்கொள். கேட்டதற்கு மட்டும் பதில் எழுது.

பிரிண்ட்டை அத்தையிடம் காட்டவில்லை. "படம் வந்துச்சாமே, எங்க சாமி" என்று கேட்டாள். ஈரத்தில் கெட்டுவிட்டது என்று பொய் சொன்னேன். அறுபத்தேழு வயதில் உனக்காகப் பொய் சொல்கிறேன்.

கலைமணி


மல்லசமுத்திரம்
20.11.2024

அன்புள்ள அக்காவுக்கு, வெங்கடாசலம் எழுதுவது. நீங்களும் பேரக் குழந்தைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தீபாவளிக்குச் சேலை அனுப்பினேன், திருப்பி அனுப்பிவிட்டீர்கள். கூரியர்காரன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எப்படி எழுதுவது என்று தெரியாமல் இருந்துவிட்டேன். எடுக்கச் சொன்னது நாங்கள்தான். நான் இல்லை, ஆனால் நான் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மலர்விழி வீட்டார் ஆத்தூரிலிருந்து வந்து படத்தைப் பார்த்தார்கள். புது வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் பார்வையில் வெள்ளைச் சேலை படுவது நன்றாக இருக்குமா, இளஞ்செழியனுக்குப் பெண் வேறு பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றார்கள். எனக்கும் ஒரு பக்கம் சரி என்று பட்டது. காலையிலிருந்து சாயங்காலம் வரை டைல்ஸ்காரன், கரண்ட்காரன், ஜோசியர் எல்லோரோடும் மல்லுக்கட்டிவிட்டு வந்தால், வீட்டுக்குள் இன்னொரு சண்டைக்குத் தெம்பில்லை. பூந்தொட்டி வைக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, அது கம்ப்யூட்டர் தானாக வைத்ததாம்.

மற்றதெல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம்.

வெங்கடாசலம்


ஃபேர்லேண்ட்ஸ், சேலம்
25.11.2024

தம்பிக்கு,

எல்லோரும் நலமாக இருங்கள். நானும் இருக்கிறேன்.

நேரில் பேசிக்கொள்ளலாம் என்கிறாய். நேரில் வந்தால்தானே பேசுவதற்கு? கார் வாங்கியிருக்கிறாய், மல்லசமுத்திரத்திலிருந்து சேலம் ஒரு மணி நேரம்கூட இல்லை. இரண்டு வருஷத்தில் இரண்டு முறை வந்தாய். இரண்டு முறையும் அத்தை குளித்துவிட்டு வருவதற்குள் கிளம்பிவிட்டாய்.

இளஞ்செழியன் புது வீட்டை வீடியோ எடுத்து எனக்கு அனுப்பியிருந்தான். வாசலில் ஆரம்பித்து மொட்டைமாடி வரை நடந்து காட்டுகிறான். திரும்பத் திரும்பப் பார்த்தேன். கீழே கார் நிறுத்தும் இடம், ஹால், சாமி அறை, சமையல்கட்டு, நீயும் மலர்விழியும் படுக்கிற அறை, அப்புறம் சினிமா பார்ப்பதற்கென்று ஒரு அறை. அதில் சாய்ந்து படுக்கிற நாற்காலிகள். மீதி அறைகள் எல்லாம் மாடியில். எண்பத்தாறு வயதுக்காரி மாடி ஏறுவாளா? அவளுக்கு என்று எந்த அறை, வெங்கடாசலம்? படத்தில் மட்டும்தான் அவளை எடுத்தாய் என்று நினைத்தேன். வரைபடம் போடும்போதே எடுத்துவிட்டாய்.

அத்தை இன்னும் தன் துணிகளை என் பீரோவில் வைக்கவில்லை. "எதுக்கு சாமி, போற ஆளுக்கு" என்கிறாள். இதை எழுதும்போது எனக்கு அழுகையும் வருகிறது, உன்னை நாலு சாத்து சாத்தலாம் என்றும் வருகிறது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். தம்பி வீட்டில் பால் காய்ச்ச வேண்டியவள் உடன்பிறந்தவள். அத்தை இல்லாத வீட்டில் நான் பால் காய்ச்ச மாட்டேன். ஆத்தூரிலிருந்து யாரையாவது கூட்டி வந்து காய்ச்சிக்கொள்ளுங்கள்.

கலைமணி


மல்லசமுத்திரம்
2.1.2025

அன்புள்ள அக்காவுக்குப் புத்தாண்டு வணக்கம். நானும் குடும்பத்தாரும் நலம். எனக்கு மட்டும் சர்க்கரை ஏறியிருக்கிறது, டாக்டர் கவலைப்படக் கூடாது என்கிறார். அவருக்கு நீங்கள் அக்கா இல்லை.

ஒரு வழியாக எல்லோருக்கும் ஒத்துவருகிற மாதிரி செய்துவிட்டேன். அத்தையைப் படத்தில் திரும்பக் கொண்டுவரச் சொல்லி, ஆத்தூருக்கு நானே போய் அறிவு பக்கத்தில் உட்கார்ந்து செய்து வாங்கினேன். படம் முழுக்க இப்போது கலர். ஓடு செம்மண் நிறம், கதவு தேக்கு நிறம். அத்தைக்கு அரக்குச் சேலை, பச்சைக் கரை. நெற்றியில் பொட்டு மட்டும் கம்ப்யூட்டருக்கு வரவில்லை, அறிவு தானே பார்த்து வைத்தார். மலர்விழி, "இப்பத்தான் லட்சணமா இருக்குதுங்க" என்றாள். அவள் அண்ணனும் சரி என்றுவிட்டார். பெரிய அளவில் போட்டுச் சுவரில் ஏற்றியாகிவிட்டது. உங்களுக்கும் ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன்.

தை 28 திங்கட்கிழமை காலை முகூர்த்தம். நீங்கள் முதல் நாளே வந்துவிடுங்கள். பால் நீங்கள்தான் காய்ச்ச வேண்டும். கூட்டம் எல்லாம் ஓய்ந்த பிறகு, மாசியில் ஒரு நாள் அத்தையைக் காரில் கூட்டி வந்து வீட்டைக் காட்டுகிறேன்.

இனியாவது திட்டாமல் எழுதுங்கள்.

வெங்கடாசலம்


ஃபேர்லேண்ட்ஸ், சேலம்
9.1.2025

தம்பி வெங்கடாசலத்துக்கு அக்கா எழுதுவது. சர்க்கரைக்கு மாத்திரை போடு, நடந்து பழகு. மலர்விழியையும் விசாரித்ததாகச் சொல்.

நீ கேட்டபடி திட்டவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

தபால்காரர் வந்தபோது நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கவரை அத்தை வாங்கிப் பிரித்துவிட்டாள். நான் இறங்கி வந்தபோது ஜன்னல் வெளிச்சத்தில் படத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிடுங்கிக்கொள்ளலாமா என்று நினைத்தேன். "ஆரு சாமி இவ, நல்லா இருக்கறா" என்று என்னையே கேட்டாள். நீங்கதான் அத்தை என்றேன். நம்பவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். வீட்டை அடையாளம் தெரிந்தது, பிறகு காலை அகட்டி நிற்கிற நிலையை வைத்துத் தன்னையும் தெரிந்துகொண்டாள்.

கோபப்படுவாள் என்று இருந்தேன். இல்லை. சேலையின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். "அரக்கு எனக்கு எடுப்பாத்தான் இருக்குது. அவுரு இருந்திருந்தா நானும் இப்படித்தான் இருந்திருப்பேன்" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் சமையலுக்குப் போய்விட்டேன். சாப்பிடக் கூப்பிட்டபோதும் படம் மடியில்தான் இருந்தது. தட்டில் கை வைத்துவிட்டு, எதையோ கணக்குப் பார்த்தவள் போலக் கேட்டாள்:

"ஏஞ்சாமி, இந்தப் பொட்டு வெச்சவ இந்த வாசல்ல எதுக்கு நிக்கறா? அவ ராசிபுரத்துல புருசனூட்டுல இருந்திருப்பா. அவளுக்குன்னு நாலு புள்ளைங்க இருந்திருக்கும். அப்பறம் வெங்கடாசலத்த ஆரு தூக்கி வளத்தறது?"

இதற்குப் பதில் உனக்குத் தெரிந்தால் எழுது.

கலைமணி


மல்லசமுத்திரம்
18.1.2025

அன்புள்ள அத்தைக்கு வெங்கடாசலம் வணங்கி எழுதுவது. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? கண் தெரிகிறதா, ராத்திரி தூக்கம் வருகிறதா, அக்கா வீட்டுச் சாப்பாடு உங்களுக்குச் சேருகிறதா? இதையெல்லாம் இத்தனை நாள் நான் கேட்கவில்லை. கேட்டால், எப்போது கூட்டிப்போகிறாய் என்று நீங்கள் திருப்பிக் கேட்பீர்கள் என்றுதான் கேட்கவில்லை.

அக்காவின் கடிதம் பொங்கலன்று கைக்கு வந்தது. அன்றைக்கே படத்தை இறக்கிவிட்டேன். இறக்கும்போது சுவரில் பெயிண்ட் பெயர்ந்துவிட்டது, அதற்குப் பெயிண்டர் கருப்பண்ணன் என்னைத் திட்டுகிறான். அறிவிடம் போய், பழைய படம் எப்படி இருந்ததோ அப்படியே, வெள்ளைச் சேலை வெள்ளையாகவே இருக்கும்படி போட்டுக் கொடுங்கள் என்றேன். "மொதல்லயே இதச் சொல்லியிருக்கலாமே சார்" என்று அவரும் சலித்துக்கொண்டார். கடிதத்தை மலர்விழியிடம் கொடுத்தேன். படித்தாள். என்னோடு நான்கு நாளாகப் பேசவில்லை. அவள் அண்ணன் போன் செய்து ஒரு மணி நேரம் பேசினார்.

விழாவன்று நீங்கள் வர வேண்டும். வாசலில் நின்று, வருகிறவர்களை எல்லாம் நீங்கள்தான் வாங்க என்று கூப்பிட வேண்டும். யார் என்ன சொன்னாலும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் பிள்ளை,
வெங்கடாசலம்


ஃபேர்லேண்ட்ஸ், சேலம்
23.1.2025

அத்தை சொல்லச் சொல்ல எழுதுகிறேன். மாற்றி எழுதினால் தெரிந்துவிடுமாம், எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்கிறாள். - கலைமணி.

சாமி வெங்கடாசலம், நல்லா இருக்கறயா. மலரு, பையன் எல்லாரும் நல்லா இருக்கோணும். நா நல்லா இருக்கறேன். கண்ணு ஒண்ணு மங்கல், ஒண்ணு தெரியுது, போதும்.

காயிதம் கெடச்சுது. வாசல்ல நிக்கறதுக்கெல்லாம் நா வரல. ஒருநாளைக்கு நிக்க வெச்சு நாலு பேருகிட்டச் சண்ட போட்டுட்டு, சாயங்காலம் மறுக்காக் கொண்டாந்து இங்க எறக்கி உட்டுருவ. அதுக்கு நா எதுக்கு அவ்வளவு தூரம் வரோணும்? மலர வெய்யாத. அவளும் அவங்க ஊட்டாளுக சொல்றதத்தான சொல்லுவா. நானே எத்தன விசேசத்துக்குப் பொழக்கடையிலயே இருந்திருக்கறேன், எனக்குத் தெரியாதா.

எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. நா படுக்கறது எங்க? கீழயா மேலயா? மேலன்னா வேண்டாம், இங்கயே இருந்துக்கறேன். கீழன்னா எந்த ரூம்புன்னு எழுது. எழுதினா வாரேன். எழுதலைன்னா இனிப் படம் கிடம் ஒண்ணும் அனுப்பாத.

அத்தாயி


மல்லசமுத்திரம்
30.1.2025

அன்புள்ள அத்தைக்கு, உங்கள் கடிதம் கண்டேன். நீங்கள் சௌகரியமாக இருப்பது அறிந்து சந்தோஷம். இங்கே நாங்கள் இருக்கிறோம், சௌகரியம் என்று சொல்வதற்கில்லை.

கீழேதான். ஹாலை ஒட்டி, கிணற்றுப் பக்கம் ஜன்னல் வைத்த அறை. இளஞ்செழியன் அதில் சினிமா பார்ப்பதற்குச் செய்து வைத்திருந்தான். நாற்காலிகளைக் கழற்றி மாடிக்கு ஏற்றியாயிற்று. அதில் அவனுக்கு என் மேல் கோபம், ஐந்து நாளாக ஓட்டலில் சாப்பிடுகிறான். கட்டில் போட்டுவிட்டேன், உயரம் குறைவாகவே வாங்கியிருக்கிறேன். சுவர் எல்லாம் கருப்பு பெயிண்ட், அதை மாற்றக் கருப்பண்ணனைக் கையைக் காலைப் பிடித்துக் கூட்டி வந்திருக்கிறேன். கருப்பே இருந்தால் உங்களுக்குப் பகல் ராத்திரி தெரியாது என்று சொன்னது மலர்விழி. பொங்கலுக்குப் பிறகு அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு அது.

தை 28 திங்கட்கிழமை முகூர்த்தம். நான் முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சேலம் வந்து உங்களையும் அக்காவையும் கூட்டி வருகிறேன். நீங்கள் இருவரும் அன்று ராத்திரியே உங்கள் அறையில் படுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் தோட்டத்து ஷெட்டில் படுத்துக்கொண்டு காலையில் வருகிறோம்.

இதைக் கேட்டதும் ஐயர் கையில் இருந்த பஞ்சாங்கத்தைக் கீழே வைத்துவிட்டார். பால் காய்ச்சாத வீட்டில் யாரும் படுக்கக் கூடாது என்கிறார். ஆத்தூர்க்காரர்களும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். "நாங்க கலசத்தோட வந்து நிக்கறப்ப கதவ ஆருங்க தொறப்பாங்க" என்று ஐயர் கேட்டார்.

"ஊட்டுப் பெரியவங்க உள்ளதான் இருக்காங்க, அவங்க தொறந்து நம்மள உள்ள உடுவாங்க" என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் பிள்ளை,
வெங்கடாசலம்